மேஹெம் எல்.பி.: ஹெல்ஹாமருக்காகவே வாங்கலாம்

கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். நார்வேயின் மெட்டல் இசைக்குழுவான மேஹெமுடைய ‘டி மிஸ்டீரிஸ் டாம் சாத்தனாஸ்’ (1994) எல்.பி. இசைத்தட்டை வாங்கியதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஹெல்ஹாமருக்காகத்தான். இயற்பெயர் யான் ஆக்செல் பிளாம்பெர்க். 1988-இல் குழுவில் சேர்ந்தபோது வயது பத்தொன்பதைத் தாண்டவில்லை.

முதல் பாட்டு ‘ஃப்யூனரல் ஃபாக்’ எடுத்த எடுப்பிலேயே பிளாஸ்ட் பீட், அதாவது ஸ்னேரையும் (கணகணவென்று ஒலிக்கும் சின்ன டிரம்) கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இடைவிடாமல் படுவேகமாக அடிப்பது. வேகமாக அடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சரி. ஆனால் இந்த வேகத்திலும் ஸ்னேர் அடி ஒன்றோடொன்று ஒட்டாமல் விழ வேண்டுமே! அடுத்து ‘ஃப்ரீஸிங் மூன்’. கிடார் நிதானமாக இழுத்துக்கொண்டு போகிறது, அடியில் டபுள் பெடலில் (இரண்டு காலாலும் கிக் டிரம்மை அடிக்கும் மிதி) கால்கள் ஓடுகின்றன. கை டாம்களுக்கு (மற்ற டிரம்கள்) போய்த் திரும்பினாலும் கால் தடுமாறுவதில்லை. பயிற்சி செய்கிறவர்கள் இந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாலே கொடுத்த காசுக்கு ஈடாகிவிடும்.

ஒலிப்பதிவு பெர்கன் நகரின் க்ரீக்ஹாலன் கச்சேரி மண்டபத்தில், தயாரிப்பாளர் பிட்டனின் கையில் நடந்தது. டிரம்ஸைச் சுற்றி ஒரு பெரிய இடம் இருப்பது காதுக்குத் தெரிகிறது.

பேஸ் கிடார் அமுங்கித்தான் இருக்கும். அதை வாசித்த வர்க் விக்கர்னஸ்தான் 1993 ஆகஸ்டில் குழுவின் கிடார் கலைஞர் யூரோனிமஸைக் கொன்றவர். அந்தப் பேஸை எடுத்துவிடும்படி யூரோனிமஸின் பெற்றோர் கேட்டார்கள், ஹெல்ஹாமர் எடுக்கவில்லை. கொன்றவரும் இறந்தவரும் ஒரே பாட்டில் வாசிக்கிறார்கள் என்பது கேட்கும்போது உறுத்தத்தான் செய்கிறது. பாடகர் அட்டிலா சிஹாரின் குரலும் எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கே பழக நாளானது.

ஹெல்ஹாமர் ஆர்க்டுரஸ், தி கோவனன்ட் என்று பல குழுக்களில் வாசித்தவர். 2007-இல் மட்டும் டிம்மு போர்கிர் குழுவுக்கு ‘இன் சோர்டே டயபோலி’, மேஹெமுக்கு ‘ஓர்டோ அட் காவ்’ என்று இரண்டு ஆல்பங்கள். முன்னது பளபளவென்று துடைத்து வைத்த சத்தம். எனக்குச் சப்பென்று இருந்தது. பின்னது வேண்டுமென்றே சேறு பூசிய மாதிரி; நார்வேயின் ஸ்பெல்லமன் இசை விருது அதற்குத்தான் கிடைத்தது. அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் 1994 ஆல்பம்தான். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். கிக் டிரம் பாதி காணாமல் போய்விடும்.