புது எண்டோஸ்கோப்பி கருவிக்கு எந்தப் பதிவேடு? கம்பெனி படிவமா, சொந்த நோட்டா, கூட்டுப் பதிவேடா?

எண்டோஸ்கோப்பி அறையில் புதுக் கருவி ஒன்றின் உறையைப் பிரித்ததும் நான் முதலில் செய்வது, ஓரத்தில் இருக்கும் லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டுவதுதான். கையுறை போட்ட விரலிலேயே ஒட்டிக்கொண்டு நோட்டுக்கு வர அடம்பிடிக்கும். ஆனாலும் விடமாட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த நோயாளி ரத்த வாந்தியோடு வந்தால், அவர் வயிற்றுக்குள் இருப்பது எந்த லாட் என்று சொல்ல அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

ரத்தக் கசிவை அடைக்கும் பெரிய கிளிப், கணையத்தைச் சுற்றித் தேங்கியதை இரைப்பைக்குள் வடியவிடும் உலோகக் குழாயான ஸ்டென்ட் என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு புதுச் சாமான்கள் எங்கள் அறைக்கு வருகின்றன. இவை நம் ஆட்களுக்கு எப்படி வேலை செய்கின்றன என்று அறிய எந்த வழி நல்லது? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதே வேலை பார்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய வழக்கை முடித்துவிடுகிறேன். சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்துச் செய்யும் ஆய்வு இருக்கும்போது, கருவி போட்டவர்களை எல்லாம் எழுதிவைத்துப் பின்னால் என்ன ஆனது என்று பார்க்கும் பதிவேடு எதற்கு என்று மருத்துவர்களே கேட்கிறார்கள். இரண்டும் செய்யும் வேலை வேறு. மேலே சொன்ன உலோக ஸ்டென்டையே எடுத்துக்கொள்வோம். அதைப் பிளாஸ்டிக் ஸ்டென்டோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாதி வழியில் கணக்குப் பார்த்தபோது சில வாரங்கள் கழித்து ரத்தக் கசிவு வருவது தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் சி.டி. எடுத்து, தேக்கம் வடிந்திருந்தால் ஸ்டென்டை எடுத்துவிட வேண்டும் என்று விதியையே மாற்றினார்கள். 2017-இல் இது ‘கட்’ (Gut) என்ற மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஆட்கள் கொஞ்சம்தான். குறித்த நாளில் ஒவ்வொருவரையும் பார்த்தார்கள், அதனால் பிடிபட்டது.

எண்டோபேரியர் கதை எதிர்ப்பக்கம். சர்க்கரை நோய்க்காகச் சிறுகுடலின் தொடக்கத்தில் 60 செ.மீ. நீளத்துக்கு உறை மாதிரி விரிக்கும் கருவி அது. கல்லீரலில் சீழ்க்கட்டி 3.5 சதவீதம் பேருக்கு வந்ததால் அமெரிக்க ஆய்வு 2015-இல் நின்றுபோனது. அதன் பிறகும் பல நாடுகளில் அதைப் பொருத்திக்கொண்டவர்களின் விவரத்தை ஒன்றுதிரட்டியது பிரிட்டிஷ் சர்க்கரைநோய் மருத்துவர்கள் நடத்திய பதிவேடுதான். 1,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்தார்கள். சீழ்க்கட்டி விகிதம் ஆய்வில் கண்டதைவிட அதில் குறைவாக இருந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். விருப்பப்பட்டவர்கள் எழுதி அனுப்பும் பதிவேட்டுக்கு எல்லாச் சிக்கலும் வந்து சேருமா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர் வழிகளைப் பார்ப்போம்.

கம்பெனி தரும் படிவம் சுலபம். பிரதிநிதி டேப்லெட்டோடு வருவார், நாம் சொல்லச் சொல்ல அவரே நிரப்பிக்கொள்வார். என் கையில் வந்த ஒரு படிவத்தில் கருவி சரியாகப் பொருந்தியதா, டிஸ்சார்ஜ் என்று என்பதோடு கேள்விகள் முடிந்துவிட்டன. முப்பதாம் நாளுக்கு இடமே இல்லை. நல்லபடி போன கேஸை மட்டும் போட்டாலும் யாரும் கேட்கவில்லை. சேர்ந்த விவரத்தைத் திரும்பக் கேட்டோம், இன்றுவரை பதில் வரவில்லை. விற்கிறவர் கையிலேயே கணக்கு நோட்டும் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

மருத்துவமனையின் சொந்த நோட்டு அதைவிட நேர்மையானது. இந்த மாவட்டத்துக்கு அந்தப் பழக்கம் புதிதும் இல்லை. 1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்தார். இங்கே கண்ட சிறுகுடல் புண் நோயாளிகளை வைத்து 1936-இல் இயன் ஓர் (Orr) என்பவருடன் சேர்ந்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார். ஒரே இடத்தில் தொடர்ந்து குறித்துவைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அது போதும்.

ஆனால் புதுக் கருவிக்குத் தனி நோட்டு பற்றாது. எண்ணிக்கைதான் காரணம். ஒரு சிக்கலும் வரவில்லை என்றால், மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பது புள்ளியியலில் ஒரு எளிய விதி. வருடத்தில் 60 பேருக்குக் கிளிப் போட்டு ஒருவருக்கும் ஓட்டை விழவில்லை என்றாலும், உண்மை விகிதம் 5 சதவீதம் வரை இருக்கலாம். நூற்றுக்கு ஐந்து குடலில் ஓட்டை என்பது சின்ன விஷயமா? ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து 360 பேர் ஆனால் அதே பூஜ்யம் ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது.

அதனால் என் ஓட்டு கூட்டுப் பதிவேட்டுக்கு. நடக்கிற காரியமா என்பவர்கள் களியக்காவிளையைத் தாண்டிப் பார்க்கட்டும். கேரளத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்காக 2007 முதல் 2009 வரை நடந்த பதிவேட்டில் 125 மருத்துவமனைகளிலிருந்து 25,748 பேர் சேர்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டுமல்ல, சின்னவையும் எழுதின. வந்த வரிசையில் ஒருவரையும் விடாமல் சேர்ப்பது என்ற ஒற்றை விதிதான் இதற்கு உயிர். கேஸைப் பொறுக்க ஆரம்பித்தால் கம்பெனி படிவத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

மருத்துவக் கருவிகளால் வரும் சிக்கல்களைக் கண்காணிக்க இந்தியாவில் 2015-இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்குச் சிக்கலை எழுதி அனுப்புவதும் அவசியம், அனுப்புங்கள். ஆனால் அது புகார்ப் பெட்டி. எத்தனை பேருக்குப் போட்டதில் இந்த ஒருவர் என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

எதில் எழுதுவது? எக்ஸெல் வேண்டாம். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் யாரோ பெயர் வரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டார்கள். பெயர்கள் நகர்ந்தன, முடிவுகள் பழைய இடத்திலேயே நின்றன. கசிவு வந்தவர் நலம் என்றும், நலமானவர் கசிவு என்றும் ஆகிவிட்டது. ஒட்டிய ஸ்டிக்கர் நோட்டு இருந்ததால் இரண்டு நாள் உட்கார்ந்து மீட்டோம். ஆய்வு விவரங்களைப் பதியும் ரெட்கேப் மென்பொருள் லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்று அதில் தடம் இருக்கும். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அது ஒன்றுதான் செலவு. ஸ்டிக்கர் நோட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வருகிறார்கள். பெயரை மட்டும் நம்பவும் கூடாது. கடற்கரை ஊர்களில் ஒரே இனிஷியலோடு இரண்டு மரிய அந்தோணி சாதாரணம். பிறந்த வருடமும் ஊரும் ஆஸ்பத்திரி நம்பரும் சேர்ந்துதான் ஆளைக் காட்டும்.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது முப்பதாம் நாள் போனில். நேரில் வரச்சொன்னால் நலமாக இருக்கிறவர் கூலியை விட்டு வரமாட்டார், மோசமானவர் நேராகத் திருவனந்தபுரம் போய்விடுவார். எனவே போன், அதுவும் இரண்டு நம்பர், ஒன்று வீட்டுப் பெண்களுடையது. தூத்தூர் பக்கத்து மீனவர் ஒருவருக்குக் கிளிப் போட்டிருந்தோம். முப்பதாம் நாள் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

“அவிய போட்டுல போயிருக்காவ சிஸ்டரே. கரைக்கு வர இன்னும் இருவது நாளாவும்.”

ஓய்வெடுக்கச் சொல்லியும் பத்தாம் நாளே கிளம்பியிருக்கிறார். காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, கரை சேர்ந்த பிறகு மறுபடி கூப்பிட்டேன். இப்போது நலம்தான் என்றார். மலம் கறுப்பாகப் போனதா (உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும்) என்று தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார்: “கடல்ல வச்சு ரெண்டு நாளு கறுப்பா போச்சு. சொல்லணும்னு தோணல.”

கணக்குப் பார்த்தால் அது பத்தொன்பதாம் நாள். அன்றே வரச்சொல்லி ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. எங்கள் படிவத்தில் ‘சிக்கல் இல்லை’ என்ற கட்டமும் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்ற கட்டமும் அதன் பிறகு தனித்தனியாக இருக்கின்றன. கறுப்பு மலம் பற்றிய கேள்வி, நலமா என்ற கேள்விக்கு முன்னால் வந்துவிட்டது.