மரபணு மாற்றமா, இயற்கை வேளாண்மையா: பத்து வருடம் கழித்தும் பலன் நிற்கிறதா?

வீட்டுக்கு வாங்கும் தானியமும் காய்கறியும் முடிந்தவரை இயற்கை முறையில் விளைந்ததாக இருக்கட்டும் என்று முடிவெடுத்து ஆறு வருடம் ஆகிறது. உடம்புக்கு நல்லது என்று நினைத்து எடுத்த முடிவு இல்லை. மரபணு மாற்றிய பயிர்களால் வழக்கமான பயிர்களைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016ல் விரிவாக அலசிச் சொல்லிவிட்டன. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. மண்ணுக்கும் தண்ணீருக்கும் பூச்சி, பறவைகளுக்கும் எதனால் கெடுதல் குறைவு என்பதுதான் என் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் நல்ல எண்கள் இருக்கின்றன. மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிய 147 ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் வந்த கட்டுரையில், ரசாயனப் பூச்சிக்கொல்லி 37 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 22 சதவீதம் கூடியது என்று கணக்கு வந்தது. இந்தப் பக்கம், ஸ்விட்சர்லாந்தில் 1978ல் தொடங்கி அருகருகே பாத்தி கட்டி நடத்திய ஒப்பீட்டில், 21 வருட முடிவில் இயற்கை முறை வயலின் விளைச்சல் 20 சதவீதம் குறைவு; ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை மிச்சம், பூச்சிக்கொல்லி 97 சதவீதம் மிச்சம். களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்தபிறகு உழவு குறைந்து மண் அரிப்பும் குறைந்தது என்பார்கள், அதுவும் உண்மைதான். இயற்கை முறையில் களைக்கு உழவும் கையும்தான் வழி.

இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் என்னால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. என்னைச் சாய வைத்தது ஒரே ஒரு விஷயம்: இன்று கிடைக்கும் பலன் எத்தனை வருடம் தாங்கும் என்பது.

இது புரிந்தது என் தோட்டத்து முட்டைக்கோசில். இலையைச் சல்லடையாக்கிய பச்சைப் புழுக்களுக்கு பி.டி. பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு மாலையில் தெளித்தேன். பேசிலஸ் துரின்ஜியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாதான் அந்தப் பொடி, இயற்கை வேளாண்மையிலும் அனுமதி உண்டு. மறுநாள் புழு உயிரோடுதான் இருந்தது, ஆனால் தின்பதை நிறுத்தியிருந்தது. பாக்டீரியாவின் புரதம் அதன் குடலில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடுகிறது. மூன்றாம் நாள் கறுத்துச் சுருங்கி இலையில் தொங்கியது. அடுத்த வாரம் புதுப் புழுக்கள் வந்தபோது பொடி எதுவும் செய்யவில்லை, ஏனென்றால் வெயிலில் அது சில நாளிலேயே சிதைந்துவிடும். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால் அதன் நல்ல குணமே அதுதான்.

பி.டி. மக்காச்சோளத்தில் அதே புரதத்தைச் செடியே தயாரிக்கிறது. தெளிக்கிற வேலை இல்லை, தேனீ மாதிரி சம்பந்தமில்லாத பூச்சிகளுக்குப் பாதிப்பும் மிகக் குறைவு. ஆனால் விதைத்த நாள் முதல் அறுவடை வரை, லட்சக்கணக்கான ஏக்கரில், ஒவ்வொரு புழுவும் ஒவ்வொரு கடியிலும் அந்தப் புரதத்தைச் சந்திக்கிறது. தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு புழுக்கள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கினால் அடுத்த தலைமுறை முழுக்கத் தாங்குசக்தியோடு பிறக்கும். அதைத் தடுக்கத்தான் ஓரமாகக் கொஞ்சம் சாதாரணப் பயிரும் போடச் சொல்கிறார்கள். அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகள் இவற்றோடு இணைந்து அந்தக் குணத்தை நீர்க்கச் செய்யும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான், ஆனால் அந்த ஓரப் பயிரைப் புழு தின்றால் நட்டம் விவசாயிக்கு என்பதால் பலர் போடுவதில்லை.

விளைவை மக்காச்சோள வேர்ப்புழுவிடம் பார்க்கலாம். அதற்கென்றே செய்த பி.டி. மக்காச்சோளம் 2003ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2009ல் அயோவா மாநிலத்தில் சில வயல்களில் வேரைப் புழு தின்று பயிர் சாய்ந்து கிடந்தது. குறைந்தது மூன்று வருடம் தொடர்ந்து அதே ரகத்தைப் போட்ட வயல்கள் அவை. ஆறே வருடம்! பிறகு இரண்டு புரதம் சேர்த்த விதை வந்தது, அப்புறம் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறால் புழுவின் மரபணு ஒன்றை முடக்கி அதைக் கொல்லும் விதை.

இதே புழுவுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. தாய் வண்டு மக்காச்சோள வயலின் மண்ணில் முட்டையிடும், அடுத்த பருவத்தில் பொரிக்கும் புழு பெரும்பாலும் மக்காச்சோள வேரைத் தின்றுதான் உயிர் வாழும். அந்த வயலில் அடுத்த வருடம் வேறு பயிர் போட்டால் பட்டினியில் செத்துவிடும். இயற்கை வேளாண்மையில் பயிர் சுழற்சி ஆசைக்குச் செய்வது இல்லை, அதுதான் முதல் ஆயுதம்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பல வருடம் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம், சோயா என்று இரண்டையே மாற்றி மாற்றிப் போட்டதில், வண்டு சோயா வயலில் போய் முட்டையிடப் பழகிவிட்டது. பி.டி. தெளிப்புக்கும் இதே கதை உண்டு: அடிக்கடி தெளித்த வயல்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி பழகிவிட்டதை, பி.டி. பயிர்கள் விற்பனைக்கு வரும் முன்பே, 1990ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே இயற்கை முறை என்ற பெயரே காப்பாற்றிவிடாது. ஒரே ஆயுதத்தை ஓயாமல் வீசினால் பூச்சி கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் விஷயம். நாலைந்து பயிரைச் சுழற்றி, நன்மை செய்யும் பூச்சிக்கு இடம் விட்டு, தெளிப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளும் வயலில் அது கற்க வேண்டிய பாடம் நிறைய. மரபணு மாற்றிய விதை ஒரே பாடத்தை வருடக்கணக்கில் நடத்துகிறது.

களை விஷயத்தில் இன்னும் மோசம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996ல் வந்தது. பத்து வருடத்துக்குள் பால்மர் அமரந்த் என்ற களை, நம் கீரையின் உறவுக்காரச் செடி, அதற்குச் சாகாமல் நின்றது. ஒரு செடியே லட்சக்கணக்கில் விதை போடும். பதிலாக டைகாம்பா என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்தது. அந்த மருந்து ஆவியாகிப் பக்கத்து வயலுக்கும் போகும். 2017ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா அதனால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். மருந்தைக் குறைக்க வந்த வழி இன்னொரு மருந்தில் போய் முடிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லா மரபணு மாற்றமும் இப்படி ஆகவில்லை. ஹவாயில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது 1998ல் வந்த ரெயின்போ ரகம் அந்தத் தொழிலையே காப்பாற்றியது, இருபது வருடம் தாண்டியும் தாங்கியது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை அமெரிக்கா 2018ல் ஒழித்துவிட்டதாக அறிவித்ததற்கும் பி.டி. பருத்தி ஒரு முக்கியக் காரணம். ஆனால் அங்கே விதையை மட்டும் நம்பவில்லை, மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள்.

நான் சாய்ந்திருக்கும் பக்கத்தின் பெரிய ஓட்டை நிலம். இயற்கை முறையில் விளைச்சல் 5 முதல் 34 சதவீதம் வரை குறையும் என்று 2012ல் வந்த ஒப்பீடு சொன்னது. 20 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், நூறு ஏக்கரில் விளைந்ததை எடுக்க 125 ஏக்கர் வேண்டும். இயற்கை வயல்களில் உயிரின வகைகள் சராசரியாக 30 சதவீதம் அதிகம்தான், ஆனால் அந்தக் கூடுதல் நிலத்துக்காக ஒரு காட்டை வெட்டினால் அந்த 30 எந்த மூலைக்குக் காணும்? வீணாகும் உணவைக் குறைத்தால் நிலம் போதும் என்று பதில் சொல்வார்கள். வீணடிப்பைக் குறைப்பது எந்த முறையில் விளைந்தாலும் செய்ய வேண்டியது, அதை இயற்கை வேளாண்மையின் கணக்கில் வரவு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் அனுபவம் ஐந்தாறு பாத்தியோடு சரி. ஊருக்கே சோறு போடும் விவசாயிக்கு 20 சதவீத இழப்பு என்னவென்று நான் பட்டு அறிந்ததில்லை.

அப்புறம் உருளைக்கிழங்கு. கருகல் நோய்க்கு இயற்கை விவசாயி தெளிப்பது செம்பு மருந்து. அது சிதையாது, வருடா வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பாவில் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோதான் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். மறுபுறம், காட்டு உருளையிலிருந்து மூன்று நோய் எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்த்து உகாண்டாவில் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றை நோய் வென்றாலும் மற்ற இரண்டு நிற்கட்டும் என்றுதான் மூன்று. இயற்கைச் சான்றிதழ் விதிகள் அந்த விதையை அனுமதிக்காது. செம்பு தெளித்து விளைந்த உருளையும் அந்த உருளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் கூடையில் போடுவேன். மக்காச்சோளம் என்றால் இன்னும் இயற்கை முறைதான்.