குறும்பட ஒலிக்கு ரீப்பர் 7 போதுமா?

வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கெலின் காகோஸ் நிறுவனத்திலிருந்து வருவது ரீப்பர். பாட்டு ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மென்பொருள். படத்துக்கு ஒலி அமைக்க அது தாங்குமா? ஒலியை உருவாக்கவும் அடுக்கவும் தாராளமாகத் தாங்கும். எடிட்டரிடமிருந்து வேலையை வாங்கும் இடத்தில்தான் படுத்தி எடுக்கும்.

அந்தத் தொல்லையை முதலில் சொல்லிவிடலாம். பிரீமியர், டாவின்சி போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் ஒலித் துண்டுகளை வெட்டுகளோடு அப்படியே கைமாற்றக் கொடுக்கும் ஏஏஎஃப், ஓஎம்எஃப் கோப்புகளை ரீப்பர் நேரடியாகத் திறக்காது. மாற்றித் தரும் வேறு மென்பொருள் வேண்டும், பெரும்பாலும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். செலவில்லாத வழி, ஒவ்வொரு ட்ராக்கையும் படத்தின் முழு நீளத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடிட்டரிடம் கேட்டு வாங்குவது. படம் தொடங்க 2 நொடிக்கு முன் ஒரு ஃபிரேம் நீள பீப் எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஒத்திசைவு சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஒவ்வொரு வெட்டின் இரு பக்கமும் உபரியாகக் கிடைக்க வேண்டிய ஒலி வராது. அந்த உபரி இல்லாமல் டயலாக்கை வழுக்கலாக இணைப்பது கஷ்டம். ஆகவே அசல் லொகேஷன் ஒலியையும், ஒவ்வொரு இடத்திலும் ஆள் பேசாமல் எடுத்த அரை நிமிட ரூம் டோனையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் மூன்றைப் பாருங்கள். சாம்பிள் ரேட் 48000. ஃபிரேம் ரேட் படத்தில் உள்ளதுதான்; 24-ம் 23.976-ம் ஒன்றல்ல, ஒரு மணி நேரத்தில் மூன்றரை நொடிக்கும் மேல் விலகிவிடும். மூன்றாவது டைம்பேஸ், அதாவது ஒலித் துண்டுகள் தாளத்தை வைத்து நிற்க வேண்டுமா, நேரத்தை வைத்து நிற்க வேண்டுமா என்பது. அது இயல்பாகவே ‘பீட்ஸ்’ என்றிருக்கும். ரீ-ரெக்கார்டிங்குக்காக யாராவது டெம்போவை மாற்றினால் கதவுச் சத்தம் முதல் காலடி வரை எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். ‘டைம்’ என்று மாற்றுங்கள். பாட்டுக்காரர்களுக்குச் சரியான ‘பீட்ஸ்’ இயல்பு படவேலைக்கு வெடிகுண்டு. வீடியோ திக்கினால் மென்பொருளைத் திட்டவேண்டாம், அதிகம் சுருக்கப்பட்ட எச்.264 வீடியோ கோப்பு அப்படித்தான். எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்டி வடிவத்தில் பிரதி கேளுங்கள்.

இனி இதன் பலம். ஒலியின் தன்மையை மாற்றும் எஃபெக்ட்டை ட்ராக்குக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு துண்டு ஒலிக்கும் தனித்தனியாகப் போடலாம். கதை சொல்ல இது எவ்வளவு உதவும் என்பதற்கு டீக்கடைக் காட்சி ஒன்று போதும். ரேடியோவில் ஓடும் பாட்டு மெல்ல நாயகனின் மனதுக்குள் ஓடும் பாட்டாக மாற வேண்டும். ரீப்பரோடு வரும் ஈக்வலைசரான ரீஈக்யூவில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, மோனோவாக்கி, எதிரொலி சேர்க்கும் ரீவெர்பில் சிறு அறையின் இம்பல்ஸை, அதாவது அந்த அறை எதிரொலிக்கும் விதத்தின் பதிவைப் போட்டால் கடை ரேடியோ தயார். பிறகு அவன் முகம் நெருங்க நெருங்க, நான்கைந்து நொடியில் வடிகட்டிகளை ஆட்டோமேஷனில் (நேரத்தோடு தானாக மாறும்படி கோடு வரைந்து) திறந்து, ஸ்டீரியோ அகலத்தை 0-லிருந்து 100 சதவீதத்துக்குக் கொண்டு போகலாம். மேல் அலைவரிசை முதலில் திறக்கட்டும், அடிப்பகுதி கடைசியில் வரட்டும். எல்லாம் ஒன்றாகத் திறந்தால் யாரோ வால்யூம் கூட்டியது போலிருக்கும். கூடவே பாய்லர் இரைச்சலையும் தெருச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக இறக்கினால்தான் தனிமை பிடிபடும். பாட்டை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை.

இரைச்சல் நீக்க ரீஃபிர் இருக்கிறது. சப்டிராக்ட் மோடில், இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு நொடியை ஓடவிட்டு மாதிரி எடுத்ததும், மாதிரி எடுப்பதற்காகப் போட்ட டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வசனத்தையும் இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும். ஃபேன், ஏசி போன்ற மாறாத சத்தத்துக்கு மட்டுமே இது. லாரி ஹாரனுக்கு உதவாது.

வசனம் வரும்போது இசை தானாகத் தாழ, டயலாக் ஃபோல்டரிலிருந்து இசை ட்ராக்கின் 3, 4 சேனல்களுக்கு அனுப்பி, இசை ட்ராக்கில் போட்ட ரீகாம்ப் கம்ப்ரஸரின் டிடெக்டரை, அந்த 3, 4 சேனல்களைக் கேட்கும் ஆக்சிலியரிக்கு மாற்றுங்கள். 2:1 விகிதம், 3 டெசிபலுக்குமேல் இறங்காத த்ரெஷோல்ட், அரை நொடிக்குக் குறையாத ரிலீஸ். ரிலீஸ் குறைந்தால் வார்த்தைக்கு வார்த்தை இசை மூச்சு வாங்கும். உணர்ச்சியான காட்சிகளில் இந்தத் தானியங்கி வேண்டாம், கையால் வரைந்த ஆட்டோமேஷனே நல்லது. இசை எப்போது ஒதுங்க வேண்டும் என்பதைக் காட்சிதான் தீர்மானிக்க வேண்டும்.

டயலாக், இசை, எஃபெக்ட்ஸ் (மற்ற சத்தங்கள்) என மூன்று ஃபோல்டர் வைத்தால் ஸ்டெம் ரெண்டர், அதாவது ஒவ்வொரு பிரிவையும் தனிக் கோப்பாக எடுப்பது, ஒரே வேலையாக முடியும். எஃபெக்ட்ஸையும் இசையையும் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். லைவ் சவுண்டில் எடுத்த படமென்றால் காலடியும் டம்ளர் சத்தமும் டயலாக் ட்ராக்கோடு போயிருக்கும். தெலுங்கு டப்பிங் போகும்போது அந்த ஓட்டை தெரியும், அந்தச் சத்தங்களை ஸ்டூடியோவில் மறுபடி உண்டாக்கிப் பதியும் ஃபோலி செய்யாமல் தப்பிக்க முடியாது.

சுற்றிலும் ஒலி கேட்கும் 5.1 மிக்சிங்குக்கு ரீசரவுண்ட்பேன் கூடவே வருகிறது, போதும். ரெண்டரில் லவுட்னஸையும் (ஒட்டுமொத்தச் சத்த அளவு) சரிசெய்யலாம். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் மைனஸ் 27 என்ற லவுட்னஸ் அளவு, வசனத்தை மட்டும் வைத்து அளப்பது. ரீப்பர் காட்டுவது மொத்த ஒலியின் சராசரி. இரண்டையும் குழப்பினால் கோப்பு திரும்பி வரும். தியேட்டருக்கு இந்த எண் எதுவும் பொருந்தாது, அளவு சரிபார்த்த அறையில்தான் முடிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ப்ரோ டூல்ஸ்தான் இருக்கும், உங்கள் ப்ராஜெக்ட் கோப்பை யாரும் திறக்கமாட்டார்கள். வேவ் ஸ்டெம்களாகவே கொண்டு போங்கள்.

60 நாள் எந்த வசதியும் குறையாமல் ஓட்டிப் பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் 60 டாலர், அதற்கு மேல் சம்பாதிக்கும் தொழிலுக்கு 225. இப்போது வாங்கினால் 8.99 பதிப்பு வரை செல்லும். குறும்படமும் ஆவணப்படமும் செய்கிறவர் தயங்க வேண்டியதில்லை. வாரம் ஒரு எடிட்டரிடமிருந்து ஏஏஎஃப் வந்து குவியும் இடத்தில் இருப்பவர் வேறு பாருங்கள்.