கடலோர வீட்டில் இறால் தொட்டி: ஆக்டிவ் சாயிலா, சாதா மணலா?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. முதல் பத்து மாதம் அதன் அடியில் ஆக்டிவ் சாயில் (தண்ணீரின் தன்மையையே மாற்றும் கடைமண்) கிடந்தது. அதை அள்ளிக் கொட்டிவிட்டு மணல் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டிலும் வளர்த்தது செர்ரி இறால்தான், அழகுக்கு வளர்க்கும் குட்டிச் சிவப்பு நன்னீர் இறால். தொட்டியைப் பார்க்க வரும் தம்பிகள் "அண்ணே, சாயில் போடவா, மணல் போடவா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மணல் போடுங்கள் என்கிறேன். அதற்கான காரணம் முழுக்க நம் ஊர்த் தண்ணீர்தான்.

விலையில் பேச அதிகமில்லை. இரண்டடித் தொட்டிக்கு வேண்டிய ஜப்பான் சாயில் வாங்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மணலுக்குச் சில நூறு போதும். அழகில் சாயில்தான் முந்தும். அந்தக் கறுப்புத் தரையில் சிவப்பு இறால் நிற்கும் அழகே தனி. வெளிர் மணலில் இறாலின் நிறம் கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறது. இதை ஒத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சாயில் என்பது சுட்டெடுத்த களிமண் உருண்டை. செடிக்கு உரம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதோடு தண்ணீரில் உள்ள கார்பனேட் கடினத்தன்மையை (கேஎச்) உறிஞ்சி பிஎச் அளவை ஏழுக்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம், இழுத்துப் பிடிக்கும். போட்ட முதல் சில வாரம் அம்மோனியா விடும். அந்த நேரத்தில் இறாலை விட்டால் செத்துப்போகும். நான் ஆறு வாரம் காத்திருந்தேன். மணலுக்கும் தொட்டி பழுக்க, அதாவது கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா வளர, நான்கைந்து வாரம் தேவை என்பதால் காத்திருப்பதில் இரண்டும் ஒன்றுதான். உறிஞ்சும் அந்தச் சக்திக்கு ஓர் அளவு உண்டு என்பதுதான் முக்கியம். நல்ல மென்னீர் கிடைக்கும் ஊரில் ஒன்றரை, இரண்டு வருடம் தாங்கும். கடின நீர் ஊற்ற ஊற்ற அந்தக் காலம் சுருங்கிக்கொண்டே வரும்.

சரி, நம் தண்ணீருக்கு வருவோம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வைத்தால் 2000-ஐத் தாண்டுகிறது. அதை மறந்துவிடலாம். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் 480 காட்டுகிறது. குடிப்பதற்கு 500 வரை நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம், அந்தக் கணக்கில் இது நல்ல தண்ணீர். செர்ரி இறாலுக்கு 150 முதல் 300 வரை இருந்தால் வசதி. கேன் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 250 பக்கம் வந்துவிடுகிறது. தொடங்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வெயில் ஏறியதும்தான் சிக்கல்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம் உள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1.9 லிட்டர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் சூடு குறைய மேலே சின்ன ஃபேன் வைத்திருப்பேன். அப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. மாதத்துக்கு 45 லிட்டர். தொட்டியில் இருப்பதே 50 லிட்டர்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்ததை 480 உள்ள குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரே மாதத்தில் 430 கூடிவிடும். 250-இல் தொடங்கியது 680-இல் போய் நிற்கும். உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல் நீரை வற்ற வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே வேலைதான் தொட்டிக்குள் நடக்கிறது.

ஆகவே சாயிலோ மணலோ, ஆவியான நீரை ஈடுகட்ட ஆர்ஓ கேன் தண்ணீரோ மழை நீரோதான் ஊற்ற வேண்டும். கேன் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கோடையில் எதுவானாலும் மாதம் மூன்று கேன் ஆகும். தவறு செய்துவிட்டால் எது பொறுத்துக்கொள்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

என் சாயில் தொட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கேன் தண்ணீரில் இறாலுக்கான தாதுப் பொடி கலந்துதான் ஊற்றினேன். பிஎச் 6.6, கேஎச் பூஜ்யம். நான்கு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வைகாசியில் கேன் போடுகிறவர் பத்து நாள் வரவில்லை. கடையில் கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். அடுத்த மாதம் இரண்டு முறை அதே கதை. ஒவ்வொரு முறையும் சாயில் அந்தக் கார்பனேட்டை உறிஞ்சி பிஎச்சைப் பழையபடி கீழே கொண்டுவந்துவிட்டது. நானும் ஒன்றும் ஆகவில்லை என்றே நம்பினேன். ஆனால் அதன் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. ஆவணியில் பிஎச் 7.4. அதற்குப் பிறகு கேன் தண்ணீரே ஊற்றினாலும் பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. தீர்ந்த சாயிலுக்கு மறுபடி உயிர் ஊட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அப்போது தொட்டியில் இருநூறுக்கு மேல் இறால். பாசிக்குள் ஒளிந்திருந்த, எள்ளளவே இருக்கும் குஞ்சுகளை ஒரு சல்லடை வலையால் ஒவ்வொன்றாக எடுக்க இரண்டு நாள் ஆனது. உருண்டைகள் கைபட்டுச் சேறாகக் கரைந்தன. வாளியில் போட்டதில் முப்பதுக்கு மேல் செத்தன. முட்டை சுமந்த பெண் இறால்கள் பல முட்டையை உதறிவிட்டன. அந்த வாளியைப் பார்த்தபோதுதான் இனி அடித்தரையை மாற்ற வேண்டிய தொட்டியே வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

மணல் தொட்டியிலும் கேன் வராத நாட்கள் வந்தன. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், டிடிஎஸ் 340 வரை ஏறியது. கேன் வந்ததும் வாரம் ஐந்து லிட்டர் வீதம் மாற்றி மூன்று வாரத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மணல் எதையும் உறிஞ்சாது, எதையும் விடாது. தண்ணீரைச் சரிசெய்தால் தொட்டி சரியாகிவிடும். ஒன்று மட்டும்: அவசரப்பட்டு ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். தண்ணீரின் தன்மை திடீரென மாறினால் இறால் நேரம் வருமுன் சட்டை உரிக்கப் பார்க்கும், கழற்ற முடியாமல் செத்துப்போகும்.

எந்த மணல் என்பதில் மிகக் கவனம் வேண்டும். கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நம் கரை மணலில் சிப்பித் தூளும் பவளத் தூளும் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு, கரைந்து கரைந்து கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். சந்தேகமான மணலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். அலங்காரத்துக்குப் பவளக் கல் எடுத்து வருவதும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானவை. பவளப் பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான இடத்தில் இருக்கிறது. அது கடலிலேயே இருக்கட்டும்.

எம்-சாண்டும் சரிவராது, தூள் அடங்கவே அடங்காது. நான் போட்டது தண்ணீர் சுத்திகரிப்பு உருளைகளில் போடும் சிலிகா மணல். ஆர்ஓ பிளான்ட்டுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பதினொரு கிலோ போதும். வாளியில் போட்டுத் தெளிநீர் வரும் வரை அலசினேன், பன்னிரண்டு தண்ணீர் ஆயிற்று.

செடி விஷயத்தில் சாயிலுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். மோன்டே கார்லோ போன்ற புல்தரைச் செடி மணலில் எனக்கு வேர் பிடிக்கவே இல்லை. இரண்டு முறை நட்டு இரண்டு முறையும் மஞ்சளாகிப் போனது. ஆனால் இறாலுக்குப் புல்தரை அவசியமில்லை. ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மூன்றும் கல்லிலோ கட்டையிலோ கட்டிவைத்தால் வளரும், மண்ணே வேண்டாம். ஹார்ன்வோர்ட் மிதந்தே வளரும். கிரிப்டோகோரைன் மட்டும் வேரடியில் உர மாத்திரை கேட்கும். குஞ்சுகள் ஒளியவும் மேயவும் ஜாவா மாஸை மிஞ்ச ஒன்றில்லை. அப்புறம், வாதாங்கொட்டை மரத்தின் உதிர்ந்த காய்ந்த இலை. தெருவுக்குத் தெரு அந்த மரம் நிற்கிறது. மருந்து அடிக்காத மரத்தடியில் பொறுக்கி, கழுவி, ஒரு இலை போட்டால் இரண்டு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்.

கிரிஸ்டல் ரெட் வகை இறால் வேண்டும் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. அதற்கு பிஎச் ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும், சாயில் இல்லாமல் அது கடினம். ஆனால் 24 டிகிரிக்கு மேல் அது தவிக்கும். வைகாசியில் என் தொட்டி ஃபேன் ஓடியும் 29, 30-இல் நிற்கிறது. கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஃபேன் இங்கே இரண்டு டிகிரிக்கு மேல் குறைப்பதில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டும், மின்தடை நேரத்தில் அதுவும் நிற்கும். நான் கிரிஸ்டலை மார்கழியிலிருந்து மாசி வரை ஒரே ஒரு முறை ஐந்து வைத்துப் பார்த்தேன். அந்தச் சின்ன அனுபவத்தை வைத்து இங்கே முடியவே முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏசி ஓடும் அறையும் பொறுமையும் இருப்பவருக்கு முடியலாம். செர்ரி இந்தச் சூட்டிலும் பிழைக்கிறது, முட்டை போடுவது மட்டும் கோடையில் குறைகிறது.

மழை நீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஐப்பசியின் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிடுங்கள். மொட்டைமாடியில் பறவை எச்சம் மட்டுமில்லை, கடற்காற்று கொண்டுவந்து போட்ட உப்பும் படிந்திருக்கும். முதல் மழையைப் பிடித்து அளந்தபோது 90 காட்டியது, கார்த்திகையில் 15. 200 லிட்டர் டிரம்மை நிரப்பி, கொசு நுழையாமல் துணி கட்டி நிழலில் வைத்தால் மாசி வரை கேன் தேவைப்படவில்லை. மழை நீரிலும் ஆர்ஓ நீரிலும் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இருக்காது. ஆவியான அளவுக்கு ஊற்ற மட்டும் அது சரி. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது பாதி குழாய்த் தண்ணீர் கலந்துவிடுங்கள், ஓடு கட்ட இறாலுக்குக் கால்சியம் வேண்டும். சாயில் தொட்டியில் கடைப் பொடிக்குக் கொடுத்த பணம் மணல் தொட்டியில் மிச்சமானது இப்படித்தான்.

தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி, கொசு விரட்டி திரவம் எதுவும் வேண்டாம். அதிலுள்ள மருந்து இறாலுக்கு நேரடி விஷம். சாயிலோ மணலோ அதற்குக் கணக்கில்லை. நாங்கள் ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டோம்.

சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்த இருபது செர்ரியில் இரண்டு வழியிலேயே செத்தன. மிச்சம் பதினெட்டை வைத்துத்தான் எல்லாம் தொடங்கியது. வாளியில் போனது போக எஞ்சியவற்றை மணலுக்கு மாற்றிய இரண்டாவது மாதம் ஒரு பெண் இறால் வயிற்றடியில் மஞ்சள் முட்டையோடு பாசி மேல் உட்கார்ந்திருந்தது. இப்போது எண்ணுவதை விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் இருபது பிடித்துக் கொடுக்கிறேன், கூடவே ஒரு கைப்பிடி ஜாவா மாஸும்.