ஹாம்ப்டன் எஸ்டேட் ஓவர்புரூஃப்: 60 சதவீத ரம்மும் குமரி வெயிலும்

கப்பல் வேலையிலிருந்து லீவில் வருகிறவர்கள் கொண்டுவரும் பாட்டில்களில் எப்போதாவது இதுவும் இருக்கும். ஜமைக்காவின் ட்ரெலானியில் 1753-இல் தொடங்கிய ஹாம்ப்டன் எஸ்டேட்டின் பாட் ஸ்டில் (பானை போன்ற வடிகலன்) ரம், ஆல்கஹால் 60 சதவீதம். ஓவர்புரூஃப் என்பது இந்தக் கூடுதல் வீரியத்தைத்தான். ஓல்டு மங்க் 42.8தான். இதில் 30 மில்லி போனால் அதில் 42 மில்லி போன கணக்கு. கோலாவில் கலக்கத்தான் என்றால் இந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை வரும். சரக்கு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது எஸ்டர் என்ற வாசனைச் சேர்மம். அங்கே ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காற்றிலும் மரத்தொட்டியிலும் இருப்பதே மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) கரைசலை ஒரு வாரத்துக்கு மேல் புளிக்க வைக்கிறது. முந்தைய வடிப்பில் மிஞ்சிய டண்டர் என்ற கழிநீரும் சேர, அமிலம் ஏறுகிறது. அமிலமும் ஆல்கஹாலும் கூடினால் எஸ்டர். பாட் ஸ்டில் அதைக் கழிக்காமல் விடுகிறது. வெயில் நாட்டில் ரம்மை முதிர வைக்கும் பீப்பாயிலிருந்து ஆவியாவதும் அதிகம்: ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் ஜமைக்காவில் 6 வரை. சர்க்கரை சேர்ப்பதில்லை.

வாய் குறுகிய கிளாசில் 20 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். நம்மூர்ச் சூட்டில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும். அதற்காக ஐஸ் போட்டால் வாசனை செத்துப்போகும். பாட்டிலைக் கால் மணி நேரம் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் போதும். மூக்கைக் கிளாசுக்குள் விடாமல், விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பாருங்கள். முதலில் அன்னாசி, அடுத்து தோல் கறுத்த மட்டிப்பழம், அதன் பின்னால் உப்பில் போட்ட ஆலிவ். கிராம்பும் மரமும் விழுங்கிய பிறகுதான் வரும், வெகுநேரம் நிற்கும்.

இனி தண்ணீர். 20 மில்லியில் 4 மில்லி விட்டால் 50 சதவீதம், 6 விட்டால் 46. மருந்துக்கடை சிரிஞ்சால் ஒவ்வொரு மில்லியாக விட்டு, இடையிடையே ருசி பாருங்கள். 50-க்குப் பக்கத்தில்தான் பழம் முழுதாக விரிகிறது. 10 மில்லி வரை போனால் 40-க்கு இறங்கி, மரக்கசப்புதான் மிஞ்சும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு காட்டிக்கொடுக்கும்.

46 சதவீதத்திலும் ஹாம்ப்டன் ஒன்று விற்கிறது. இரண்டில் ஒன்று என்றால் 60-ஐ எடுங்கள். தண்ணீரை நாமே சேர்த்துக்கொள்ளலாம், பிரித்தெடுக்க முடியாது.

மரச்சீனியும் மீன்குழம்பும் முடித்த கையோடு இதைத் தொடாதீர்கள். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், நாக்குக்கு வேறெதுவும் தெரியாது.

பாட்டிலைப் படுக்க வைத்தால் இந்த வீரியம் தக்கையை அரிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள், காற்றுப்பட்டால் அன்னாசிதான் முதலில் போகும். தக்கை ஒடிந்து உள்ளே விழுந்தால் காபி ஃபில்டர் காகிதத்தில் வடித்துக்கொள்ளலாம்.