தரையில் வைக்கும் பாட்டி (potty) சேர்: மூன்று மாதம் உபயோகித்த பிறகு எழுதுகிறேன்

நான் வாங்கியது, சின்னப் பிள்ளைகள் உச்சா, ஆய் போகத் தரையில் வைத்து உட்காரும் சாதாரண பிளாஸ்டிக் பாட்டி சேர். விலை 680 ரூபாய், பாத்திரக்கடையில் பக்கெட், முக்காலி எல்லாம் அடுக்கியிருக்கும் பக்கத்தில் கிடைத்தது. பாட்டுப் பாடாது, லைட் எரியாது. இரண்டரை வயதிலேயே டயப்பரை விட்டுவிட்டு ஒழுங்காக டாய்லெட் போய்க்கொண்டிருந்த என் மகள் மூன்றரை வயதில் மறுபடியும் ஜட்டியிலேயே போக ஆரம்பித்தாள், அப்போது வாங்கியது. இதே நிலையில் இருக்கிற அம்மா அப்பா யாராவது என்ன வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்காக அருப்புக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். அங்கே கக்கூஸ் கொல்லைப்புறத்தில், இந்தியன் டாய்லெட், பகலிலும் லைட் போட்டால்தான் வெளிச்சம். கோயம்புத்தூர் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் குட்டி வளையம் போட்டு உட்கார்ந்து பழகின பிள்ளைக்கு அந்தக் குழியைப் பார்த்தாலே பயம். அடக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள், மூன்று நாள் என்று போகாமலே இருப்பாள், நானோ ஆபரேஷன் தையலோடும் கைக்குழந்தையோடும் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. தம்பிக்கு மூன்று மாதம் முடிந்து ஊர் திரும்பியபோது ஒரு நாளைக்கு நாலைந்து ஜட்டி மாற்ற வேண்டியிருந்தது. உச்சா மட்டும் இல்லை, இளகின ஆயும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியிருக்கும். "தம்பி வந்துட்டான்ல, அதான் வேணும்னே பண்றா" என்றார்கள் வீட்டில். நானும் அதை நம்பி ஒரு நாள் அடித்துவிட்டேன். அது இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

அந்தச் சமயத்தில் அவசரமாக ஆன்லைனில் வாங்கியதுதான் ஏணி வைத்த சீட், 1,350 ரூபாய். படத்தில் பார்க்க அருமையாக இருந்தது. எங்கள் கம்மோடின் வடிவத்துக்கு அது பொருந்தி உட்காரவே இல்லை, அடியில் இருக்கும் திருகு எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் தளர்ந்துவிடும். ஒரு முறை அவள் ஏறும்போது ஏணி ஒரு பக்கமாக நகர்ந்தது, விழவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பாத்ரூம் வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்தாள். ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு ஆடுகிற எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

அதன் பிறகுதான் குழந்தை டாக்டரிடம் போனோம், முதலிலேயே போயிருக்க வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்த்தவுடனே அவர் சொல்லிவிட்டார், மலச்சிக்கல். நாள்கணக்கில் அடக்கி வைத்தால் மலம் இறுகி, மலக்குடல் விரிந்து, வருகிறது என்கிற உணர்வே மழுங்கிப் போய்விடுமாம். கெட்டியாக இருப்பதைச் சுற்றி இளகினது தானாகக் கசிகிறது, அது பேதி இல்லை, பிள்ளைக்கே தெரியாமல் நடப்பது. நிறைந்திருக்கும் குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் உச்சாவும் நிற்பதில்லை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்தார், இல்லை. மலத்தை இளக்கும் மருந்து கொடுத்தார், சரியானது போலத் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். நாலு டம்ளர் குடித்துக்கொண்டிருந்த பாலை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, நிறைய தண்ணீர். இன்னொன்றும் சொன்னார், எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: பிள்ளை திடீரென்று தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, அடிக்கடி உச்சா போய், உடம்பும் இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

சரி, சேருக்கு வருகிறேன். உட்காரும்போது பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் முக்காமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் தொங்கினால் பிள்ளை விழாமல் இருக்கத்தான் பலத்தைச் செலவழிக்கும். இந்த சேர் அதற்குச் சரியாக இருந்தது. உயரம் குறைவு, அடிப்பாகம் அகலம், நாலு மூலையிலும் ரப்பர் இருப்பதால் ஈரத் தரையிலும் நகரவில்லை. முதல் வாரம் பாத்ரூம் பக்கமே கொண்டுபோகவில்லை, ஹாலில் ஜன்னல் ஓரமாக வைத்தோம். கவுன் போட்டபடியே உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டுவாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிஷம் உட்காரவைத்தோம், வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும் நேரம் அது. போனாலும் போகாவிட்டாலும் எழுந்துவிடலாம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கதை சொல்வேன், மடியில் தம்பி. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, "அம்மா, வந்துடுச்சு" என்று அவளே சொன்னாள். வலித்ததா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான், பாவம், இத்தனை நாள் வலிக்குப் பயந்துதான் அடக்கியிருக்கிறாள் என்று புரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. உள்ளே வைக்கும் கிண்ணத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, உச்சா அதற்குள் இறங்கித் தேங்கும், தினமும் சீட்டைக் கழற்றிக் கழுவாவிட்டால் நாற்றம் வரும். கிண்ணத்துக்குக் கைப்பிடி கிடையாது, நிறைந்திருக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டும். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் அம்மாவுக்கு அது கஷ்டம்தான். முன்பக்கத் தடுப்பு சின்னது, பையன்களுக்கு வெளியே தெறிக்கும் என்று நினைக்கிறேன்.

கூடவே வாங்கிய பஞ்சு வைத்த ட்ரெய்னிங் ஜட்டி வேண்டாம். ஒரு தடவை உச்சாவைத்தான் தாங்கும், மழை நாளில் காயவே காயாது. ட்ரை ஷீட் இரண்டு வாங்குங்கள், கட்டாயம். ராத்திரி நனைப்பது இன்னும் இருக்கிறது, ஐந்து வயது வரைக்கும் அதற்குக் கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் ஷீட்டை மாற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

இப்போது பகலில் வாரத்துக்கு ஒரு முறை தவறினால் அதிகம், அதுவும் விளையாட்டு மும்முரத்தில். மருந்து இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அளவைக் குறைத்திருக்கிறார். மருந்து இல்லாமல் சேர் மட்டும் வாங்கியிருந்தால் அதுவும் ஏணி சீட் மாதிரி மூலைக்குத்தான் போயிருக்கும். அதே மாதிரி சேர் ஒன்றை அம்மா வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். பொங்கலுக்குப் போனபோது அங்கேயும் அடக்காமல் போனாள்.

வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு கடையிலேயே உட்காரவைத்து, குதிகால் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள், கிண்ணத்தையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். நிறத்தை அவளே சொல்லட்டும். என் மகள் ஆரஞ்சு கேட்டாள், கடைக்காரர் மேல்தட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார், வீடு வரைக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.