வட்டத்துக்கு ஐந்து மூலை: சீரியல் லைட்டும் என் பழைய ஐம்பதும்

ஃபோக்கஸ் மோட்டார் பழுது பார்த்து லென்ஸ் திரும்பி வந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்த 50 எம்.எம். 1.8 எப்படி? சீரியல் லைட்டைப் படம் எடுக்கத்தான்." போனில் சொன்னால் வெறும் திட்டாகத்தான் வரும். எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.

இதன் அப்பர்ச்சரில், அதாவது ஒளி நுழையும் துவாரத்தில், அதைச் சுருக்கி விரிக்க ஐந்தே பிளேடு. துவாரத்தை முழுக்கத் திறந்து 1.8-இல் எடுத்தால் அவை முழுக்க ஒதுங்கிவிடும். பின்னணியில் கலங்கிய பல்பு ஒவ்வொன்றும் நல்ல உருண்டையாக வரும். 2.8-க்குச் சுருக்குங்கள், அத்தனையும் ஐங்கோணம். அதுவும் ஒரே அச்சில் வெட்டியதுபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படத்தில் வேறு எதுவும் தெரியாது.

சரி, 1.8-லேயே இருக்கலாமே என்றால், ஓரங்களில் வட்டம் நசுங்கிப் பூனைக்கண்ணாகிவிடுகிறது. சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் குழலின் விளிம்பு வெட்டுவதால் வரும் வினை இது. அதைக் குறைக்க அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டும். சுருக்கினால்? மறுபடி ஐங்கோணம். 2.2-இல் ஒருமாதிரி சமாதானமாகியிருக்கிறேன். இருட்டில் ஆட்டோஃபோக்கஸும் முன்னும் பின்னும் அலைகிறது, மோட்டார் மாற்றிய பிறகும்தான். திரையில் பெரிதாக்கி, பல்பை விட்டுவிட்டு அதன் ஹோல்டர் விளிம்பில் கையால் ஃபோக்கஸ் செய்வதே மேல்.

லென்ஸ் மேல் போடக்கூடாத பழியும் உண்டு. சில படங்களில் பல்பு மங்கி அல்லது அணைந்தே இருந்தால் அது எல்.இ.டி. சிமிட்டல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான சரங்கள் நொடிக்கு 100 முறை, சில 50 முறை அணைந்து எரியும். ஷட்டர் வேகத்தை 1/50 நொடிக்கு இறக்கினால் தீர்ந்தது. நீலப் பல்பு வெளிறிப்போவதும் அப்படித்தான்: கேமராவில் நீல நிறத்தைப் பதியும் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். மூன்று நிறங்களின் வெளிச்ச அளவைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறையுங்கள். படத்தில் தலைகீழாக மிதக்கும் ஆவி விளக்குகளுக்கு லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றினாலே பெரும்பாலும் போதும்.

இத்தனை திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சரம் ஒன்று கேமராவை நோக்கி வரும்படி தொங்கட்டும். நடுப் பல்பில் ஃபோக்கஸ், 1.8. முன்னால் உள்ள வட்டங்களின் விளிம்பில் மெல்லிய ஊதாச் சிவப்பு, பின்னால் உள்ளவற்றில் இளம்பச்சை. நிறங்கள் ஒரே தளத்தில் கூடாத குறைதான். ரிவ்யூக்களில் இதற்கு மார்க் குறைப்பார்கள். எனக்கோ அந்த இரண்டு கோடுகளுக்காகவே இதை விற்க மனம் வருவதில்லை.

ஆனால் நீங்கள் வாங்காதீர்கள். இப்போது வரும் 1.8-களில் ஏழு வளைந்த பிளேடு சாதாரணம், அதையே எடுங்கள். வந்ததும் ஒரு ராத்திரி எனக்கும் கொடுங்கள், 2.8-இல் வைத்துப் பார்க்க வேண்டும்.